நூலும் அளவுகோலும்: தமிழ்க் கிறித்தவ மறுப்பிலக்கியமும் போதனையைத் தேர்ந்தறிதலும்

முன்னுரை

கிறித்தவம் நூலை நடுவாகக் கொண்ட சமயம். ஒரு போதனை மெய்யோ பொய்யோ என்னும் ஐயம் எழுமிடத்து அந்நூலையே அளவுகோலாகக் கொள்ளுதல் அச்சமயத்தின் தொன்மையான நெறி. பெரோயா நகரத்தார் பவுலின் பேச்சை ஆர்வத்தோடு கேட்டதோடு அமையாமல், அது மறைநூலோடு ஒத்துள்ளதா என்று நாள்தோறும் ஆராய்ந்ததைத் திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரம் பாராட்டிக் கூறுகின்றது. ஆவிகளைச் சோதித்தறிய வேண்டும் என்பதை யோவானின் முதல் திருமுகம் 4ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வலியுறுத்துகின்றது.

நெறி தெளிவானது, அதனைக் கையாளும் முறையே சிக்கலானது. மெய்யைப் போதிப்போரும் நூலிலிருந்தே மேற்கோள் காட்டுகின்றனர். பிழைபடப் போதிப்போரும் அதே நூலிலிருந்தே மேற்கோள் காட்டுகின்றனர். எனவே, நூலைக் கொண்டு சோதித்தல் என்பது நூலை எவ்வாறு படித்தல் என்னும் வினாவில் வந்து நிற்கின்றது. தமிழில் படிப்போர்க்கு அது தமிழைப் படிக்கும் திறன் பற்றிய வினாவுமாகும். இக்கட்டுரை 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவ மறுப்பிலக்கியத்தின் வழி இவ்வினாவை ஆராய்ந்து, இன்றைய மலேசியச் சூழலில் அதன் பயனை நோக்குகின்றது. எச்சபையின் கொள்கை சரி எனத் தீர்ப்பளித்தல் இதன் நோக்கமன்று.

இத்தகைய ஆய்வு இந்நாட்டுத் தமிழாய்வுக்குப் புதியதன்று. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகளார், 1679ஆம் ஆண்டில் அச்சான அந்தாம் தெ புரோயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியை 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். கிறித்தவத் தமிழைச் சமயத்தாரின் தனியுடைமையாகக் கருதாது, தமிழ் வரலாற்றின் ஒரு பகுதியாகக் கருதும் நோக்கு அதில் வெளிப்படுகின்றது. நாமும் அந்நோக்கிலேயே இதனை அணுகுகின்றோம்.

தரங்கம்பாடியும் வீரமாமுனிவரும்

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, சில ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. சீகன்பால்கு 1719இல் மறைந்தார். அவர் தொடங்கிய பழைய ஏற்பாட்டுப் பணியைச் சூல்ச்சு என்பார் தொடர, 1728ஆம் ஆண்டளவில் அது நிறைவெய்தியது. மறைநூல் மக்கள் மொழியில் மக்கள் கையில் இருத்தல் வேண்டும் என்னும் லுத்தரின் கொள்கையே இம்முயற்சிகளுக்கு அடிப்படை.

அதே 1728ஆம் ஆண்டில் வீரமாமுனிவரின் வேதவிளக்கம் எழுந்தது. தேம்பாவணி பாடிய புலவராகவும் தொன்னூல் விளக்கம் இயற்றிய இலக்கண ஆசிரியராகவும் நாம் போற்றும் அவர், வாதநூலாசிரியராகவும் விளங்கினார் என்பது தமிழ் வகுப்புகளில் அரிதாகவே நினைவுகூரப்படுகின்றது. லுத்தரன் சபையாரின் கொள்கைகளை மறுக்கும் வேதவிளக்கம், தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழையும் கடுமையாகச் சாடுகின்றது. தரங்கம்பாடியார் தரப்பில் திருச்சபை பேதகம் எழ, அதற்கு மறுப்பாக முனிவர் பேதகமறுத்தல் எழுதினார்.

இவ்வாதத்தில் இரு தரப்பாரும் மறைநூலை உயர்ந்த சான்றாக ஒப்புக்கொண்டவர்களே. வேறுபாடு, அதன் பொருளைத் துணிபவர் யார் என்பதில் இருந்தது. மறைநூலின் பொருளைத் தீர்ப்பது திருச்சபையின் உரிமை என்பதைக் கத்தோலிக்கர் 1546ஆம் ஆண்டிலேயே திரெந்துப் பொதுச்சங்கத்தில் அறுதியிட்டிருந்தனர். லுத்தரன் சபையாரோ நூலே தனக்கு விளக்கம் என்று கொண்டனர். ஐரோப்பாவில் நிகழ்ந்த பூசல் காவிரிக் கரையில் தமிழ் உரைநடையில் தொடர்ந்தது.

முனிவரின் கண்டனத்தை இன்று மதிப்பிடுங்கால் இரு கூறுகளைப் பிரித்தறிதல் வேண்டும். மொழிபெயர்ப்பில் தமிழ் சிதைந்தால் பொருளும் சிதையும். சிதைந்த பொருளைக் கொண்டு எதனையும் அளக்க இயலாது என்பது அதன் வலிமையான கூறு. அளவுகோலே கோணினால் அளந்தவை யாவும் கோணும். ஆனால், நடையின் குறையைக் கொள்கையின் குறைக்குச் சான்றாக்கும் இடங்களில் அவருடைய வாதம் வலுவிழக்கின்றது. கொச்சைத் தமிழில் மெய் சொல்லப்படலாம். செந்தமிழில் பொய்யும் சொல்லப்படலாம். எள்ளல் படிப்பவரைக் கவரும். ஆனால் போதனையைச் சோதித்ததாகாது.

தரங்கம்பாடியார் நிலையும் பாதியளவே நிறைவானது. நூலை மக்கள் கையில் கொடுத்தல் பெரும்பணி; ஆனால் கையில் இருக்கும் நூல் தானே தன்னைப் படித்துக் காட்டாது. நூலும் வேண்டும், அதனை முறையாகப் படிக்கும் பயிற்சியும் வேண்டும். முதலாவதன் தேவையைத் தரங்கம்பாடியாரும் இரண்டாவதன் தேவையை முனிவரும் வலியுறுத்தினர் எனலாம். முனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738ஆம் ஆண்டு அச்சிட்டது தரங்கம்பாடி அச்சகமே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கொள்கையில் மறுத்தவரையே மொழியறிவில் ஆசானாக ஏற்றனர்.

இத்தகைய படிப்பு சமய எல்லைக்கு உட்பட்டதும் அன்று. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854ஆம் ஆண்டு வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில் விவிலியத்தையே சான்றாக எடுத்தாண்டார். சைவர்தம் வழிபாட்டுச் சடங்குகளை இகழ்ந்தோர்க்கு, அவர்தம் நூலிலேயே கோயிலும் பலியும் தூபமும் விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டினார். அவர் விவிலியத்தின் மேல் நம்பிக்கை கொண்டவர் அல்லர்; ஆயினும் அதனைக் கூர்ந்து படித்தவர்.

உரைமரபு தரும் கருவிகள்

நூலைப் படிக்கும் பயிற்சிக்குத் தமிழர் பிறமொழிகளை மட்டுமே நாட வேண்டுவதில்லை. உரையின் கூறுகளாக நன்னூல் பதினான்கினைத் தொகுத்துக் கூறுகின்றது. அவற்றுள் பாடம், சொற்பொருள், அதிகாரம், துணிவு ஆகிய நான்கும் நம் வினாவுக்கு நேரே பயன்படுவன. பாடம் என்பது நூல் உண்மையில் கூறும் சொற்களைத் திரிபின்றிக் காண்டல். சொற்பொருள் என்பது ஒவ்வொரு சொல்லின் பொருளையும் தெளிதல். அதிகாரம் என்பது கூற்று அமைந்த இடத்தோடும் முன்பின்னோடும் இயைத்துப் பொருள் கொள்ளல். துணிவு என்பது ஐயம் எழுந்தவிடத்து ஆராய்ந்து முடிவுகூறல். விவிலியத்தின் பிரிவுகளையும் தமிழில் அதிகாரம் என்றே வழங்குகின்றோம். அதிகாரத்தினின்று பிரித்த கூற்று பொருள் திரியும் என்பதைத் தமிழாசிரியர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு நூற்பாவைத் தனியே எடுத்துத் தாம் விரும்பிய பொருளை ஏற்றும் மாணவரை நாம் திருத்தவே செய்கின்றோம்.

மூன்று கூற்றுகள்

உடைமையும் உடல்நலமும் நம்பிக்கையின் உறுதியான பயன் என்று கூறும் செழிப்புப் போதனை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. தமிழ்க் கூட்டங்களும் ஒளிபரப்புகளும் அதற்கு விலக்கல்ல. அப்போதனைக்கு அடிக்கடி சான்றாக்கப்படும் மூன்று கூற்றுகளை மேற்கண்ட கருவிகளால் சோதிப்போம். 1871ஆம் ஆண்டில் பவர் ஐயர் குழுவினர் நிறைவு செய்ததும், சீர்திருத்தச் சபையாரிடையே பழைய திருப்புதல் என வழங்குவதுமான மொழிபெயர்ப்பின் சொற்களையே கொள்வோம்.

முதலாவது, யோவானின் மூன்றாம் திருமுகத்தின் தொடக்கம். எல்லாவற்றிலும் நல்வாழ்வும் உடல்நலமும் பெறுதல் பற்றிய இக்கூற்று இறைவனின் வாக்குறுதியாகப் போதிக்கப்படுகின்றது. ஆனால் அதன் முடிக்குஞ் சொல் ‘வேண்டுகிறேன்’ என்பது. எழுவாய் இறைவன் அன்று. மடல் எழுதும் மூப்பர். பெறுபவர் காயு என்னும் ஒரு நண்பர். மடலின் தொடக்கத்தில் நலம் விழைந்து எழுதுதல் அக்கால மரபு. நம் கடித மரபும் அதுவே. வேண்டலை உறுதிமொழியாக மாற்றுவது பாடத்தையே மாற்றுவதாகும்.

இரண்டாவது, பிலிப்பியர் திருமுகம் 4ஆம் அதிகாரத்தில் கிறித்துவின் வலிமையால் எல்லாம் இயலும் என்னும் கருத்துடைய கூற்று. இதிலுள்ள ‘எல்லாவற்றையும்’ என்பது முற்றும்மை பெற்ற சொல். முற்றும்மையின் எல்லையை முன்னர் வந்த பொருள் வரையறுக்கும். ‘மாணவர் எல்லாரும் வந்தனர்’ என்றால் உலகத்து மாணவர் அனைவரையும் அது குறியாது. முந்திய வசனங்களில் பவுல் பேசுவன பசியும் நிறைவும், தாழ்வும் வாழ்வும். எந்நிலையிலும் மனநிறைவோடிருக்கக் கற்றமையைச் சிறையிலிருந்து எழுதுகின்றார். எனவே, வறுமையையும் தாங்கும் வலிமையே அங்குப் பேசப்படுகின்றது. வறுமை ஒருபோதும் வாராது என்னும் உறுதியன்று.

மூன்றாவது, எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். இறைவனின் எண்ணம் தீமைக்கன்று, நல்ல முடிவைத் தருவதற்கே என்னும் கருத்துடைய இவ்வசனம் வாழ்த்தட்டைகளில் பெரிதும் காணப்படுவது. ‘உங்களுக்கு’ என்னும் அதன் சொல்லைக் கேட்பவர் தம்மைச் சுட்டும் மரியாதை ஒருமையாக எளிதில் கொள்வர். இற்றைத் தமிழ் வழக்கு அவ்வாறே உள்ளது. ஆனால் பழைய திருப்புதலின் வழக்கில் ஒருவரை விளித்தல் ‘நீ’ என்றோ ‘நீர்’ என்றோ அமையும். ‘நீங்கள்’ என்பது பன்மையே. எபிரேய மூலத்திலும் பன்மையே உள்ளது. இது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டு செல்லப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்துக்கு எழுதிய மடல்.

அதிகாரத்தை நோக்கின் மேலும் ஒரு வியப்பு உண்டு. முந்திய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டு ஆண்டுகளுக்குள் சிறையிருப்பு முடிந்து யாவும் மீளும் என்று கூறினான். எரேமியாவின் மடலோ 70 ஆண்டுகள் ஆகும் என்கின்றது. அதுவரை வீடு கட்டவும், தோட்டம் இடவும், மணம் முடிக்கவும், தாம் வாழும் நகரின் நலனை நாடவும் பணிக்கின்றது. தம்மிடையே உள்ள போலித் தீர்க்கதரிசிகளால் ஏமாறாதிருக்க எச்சரிக்கின்றது. விரைவான மீட்சியைப் பேசும் இனிய பொய்க்கு எதிராக, நீண்ட காத்திருப்பைப் பேசும் கடிய மெய்யாக எழுந்தது இம்மடல். அதிலிருந்து ஒரு வசனத்தைப் பெயர்த்தெடுத்து விரைவான செழிப்புக்குச் சான்றாக்கினால், எரேமியாவின் சொல்லை அனனியாவின் வாயில் வைத்ததாகும்.

கிள்ளான் வட்டாரத்தில் இதன் பொருள்

இவ்வாய்வு ஏட்டளவில் நிற்பதன்று. தோட்டத் துண்டாடலாலும் மேம்பாட்டுத் திட்டங்களாலும் இரப்பர்த் தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் வந்த தமிழ்க் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் வாழ்கின்றன. துறைமுகத்தை அடுத்த பண்டமாரான் வட்டாரமும் இதில் அடங்கும். பிரிக்பீல்ட்ஸில் 1924ஆம் ஆண்டு எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம் தரங்கம்பாடி மரபின் கிளை. கிள்ளான் லூர்து மாதா ஆலயத்தில் கூடும் தமிழ்க் கத்தோலிக்கர் வீரமாமுனிவர் சார்ந்த சபையினர். இம்மரபுகளுக்கு அப்பால், கடைவீடுகளின் மேல்மாடிகளில் கூடும் தனிச் சபைகளும் பல. அவற்றுள் பழுதற்ற போதனை வழங்குவனவும் உள்ளன; கூடுமிடத்தைக் கொண்டு போதனையை மதிப்பிடல் தகாது.

எனினும், செழிப்பை உறுதியாகக் கூறும் போதனையால் முதலில் பாதிப்புறுவோர் குறைந்த வருவாய் உடையோரே. காணிக்கை பன்மடங்காகத் திரும்பும் என நம்பிச் சேமிப்பை இழப்பவர்க்கும், குணமானதாக அறிக்கையிட்டு மருந்தை நிறுத்துபவர்க்கும் ஒரு சொல்லின் பொருள் வாழ்வின் பொருளாகி விடுகின்றது. நோய் நீங்காதபோது குறை நம்பிக்கையிலேதான் என்று கூறப்படுவதால், இழப்போடு பழியும் அவர்மேல் சேர்கின்றது.

நம்பிக்கையாளரை இலக்கணம் அறிந்தாரிடம் அடிமைப்படுத்துவது இம்முறை என ஒருவர் மறுக்கலாம். மேலே பயன்பட்ட இலக்கணம் யாது? வினைமுற்று, எழுவாய், முற்றும்மை, ஒருமை பன்மை. இவை தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கப்படுவன. அறிஞர் ஒருவரின் துணையின்றியே எவரும் தம் நூலைத் திறந்து சரிபார்க்கத் தக்கன.

இம்முறையின் எல்லையையும் கூறுதல் நேர்மை. எந்நூல்கள் மறைநூல் என்பதிலேயே சபைகள் வேறுபடுகின்றன. சீர்திருத்தச் சபையார் 66 நூல்களையும் கத்தோலிக்கர் 73 நூல்களையும் ஏற்கின்றனர். கடவுளைக் குறிக்கும் சொல்லும் பராபரன், தேவன், சர்வேசுரன், கடவுள் எனச் சபைதோறும் காலந்தோறும் வேறுபட்டது. இவற்றை இலக்கணம் தீர்க்காது. நூல் கூறாததை நூல் கூறியதாகச் சொல்லும் போதனையை மட்டும் அது வெளிப்படுத்தும். நம் காலத்துப் பிழைபட்ட போதனையில் பெரும்பகுதி இவ்வகையினதே என்பது நம் துணிவு.

முடிவுரை

மத்தேயு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் சோதிக்க வந்தவனே மறைநூலை எடுத்துரைக்கின்றான். அவன் காட்டும் 91ஆம் சங்கீத மேற்கோளில், வழிகளில் காத்தல் பற்றிய பகுதி விடுபட்டுள்ளது. இயேசுவோ மேற்கோள் காட்டுதலையே கண்டிக்கவில்லை. உபாகமத்தின் வேறொரு கூற்றை எதிர்வைத்து, ஒரு பகுதியை நூல் முழுவதன் கருத்தோடு இயைத்துக் காட்டினார். நூலைக் கொண்டு சோதித்தல் என்பதற்கு நூலுக்குள்ளேயே அமைந்த இலக்கியம் இது.

வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும் தமிழ்ப் படிப்பாளியை வாதத்தைத் தொடரவல்ல அறிவுடையவராக மதித்தே எழுதினர். இன்றைய போதகரும் தம் கேட்போரை அவ்வாறு மதித்தல் தகும். தமிழாசிரியர் தம் வகுப்பில் ஒரு வாக்கியத்தின் எழுவாயையும் முடிபையும் இடத்தையும் கேட்கப் பழக்குந்தோறும், எந்த மேடையின் முன்பும் அதே வினாக்களை எழுப்பவல்ல குடிமக்களை உருவாக்குகின்றார். சமயம் யாதாயினும் இப்பயிற்சி அனைவர்க்கும் உரியது.