யாருக்கு வாங்குதீங்க?

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், தையல்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு சிறிய புத்தகக்கடை இருக்கிறது. பதினான்கு வருடங்களாக அங்கே போய் வருகிறேன். கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைக்கிறோம். நல்ல வாசகர். கையில் காசில்லாத மாணவர்களுக்குக் கடனுக்குப் புத்தகம் தருபவர். அவருடைய கடையைப் பற்றி ஒரு புகார் எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்குள் வரும் ஆணிடம் அண்ணாச்சி கேட்கும் முதல் கேள்வி, "இப்போ என்ன வாசிக்கீங்க?" பெண்ணிடம் கேட்பது, "யாருக்கு வாங்குதீங்க?" நெடுநாள் இதை நான் கவனிக்கவே இல்லை. கல்லூரியில் தமிழ் நடத்துபவள் என்பதால் எனக்கு முதல் கேள்வி வாய்த்திருந்தது. ஒருநாள் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துத் தையல்கடையில் வேலைசெய்யும் பெண் வந்து, "வாசிக்க ஒரு புக் வேணும்" என்றார். "யாருக்கு, பிள்ளைக்கா?" என்றார் அண்ணாச்சி. "எனக்குத்தான்." அண்ணாச்சி ஒரு சமையல் புத்தகத்தையும் ஒரு சுயமுன்னேற்ற நூலையும் எடுத்து வைத்தார். அந்தப் பெண் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொறவு வாறேன்" என்று போய்விட்டார்.

பரிந்துரை என்ற சொல்லை வகுப்பில் பிரித்துக் காட்டுவேன். பரிந்து உரைப்பது. பரிதல் என்றால் அன்புகொள்ளுதல், ஒருவருக்காக இரங்குதல். ஒரு நூலைப் பரிந்துரைக்க நூலைத் தெரிந்திருந்தால் போதாது. எதிரே நிற்பவர்மீதும் பரிவு வேண்டும். இணையதளக் கடை நாம் முன்பு வாங்கியதை வைத்து அடுத்ததைக் காட்டுகிறது. நம் முகம் பார்த்துப் புத்தகம் எடுத்துத் தருவார்கள் என்றுதான் அக்கம்பக்கத்துக் கடைக்குப் போகிறோம். அந்த முகத்தில் மனைவியும் தாயும் மட்டுமே தெரிகிறார்கள் என்றால், அண்ணாச்சியின் கணக்குக்கும் கணினியின் கணக்குக்கும் என்ன வித்தியாசம்?

கடையில் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வாசகர் கூட்டம் நடக்கும். முடிய எட்டாகும். பிறகு எல்லோரும் எதிரேயுள்ள டீக்கடைக்குப் போவார்கள். எந்த நாவல் மறுபதிப்பு வருகிறது, எந்தப் பழைய புத்தகம் யாரிடம் கிடைக்கும், அடுத்த கூட்டத்தில் யார் பேசுவது என்பதெல்லாம் முடிவாவது அங்கேதான். கூட்டத்துக்கு வரும் மூன்று நான்கு பெண்களும் ஏழரைப் பேருந்தைப் பிடிக்க நடுவிலேயே எழுந்து போய்விடுவோம். அடுத்த மாதம் வரும்போது பட்டியல் தயாராக இருக்கும். நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பட்டியலின் விளைவு அலமாரியில் தெரியும். கீழ்த்தட்டில் 'பெண்ணியம்' என்று அட்டை ஒட்டிய ஒரு வரிசை. அம்பை, பாமா, சிவகாமி, சல்மா எல்லோரும் அங்கே. குனிந்தால்தான் கைக்கு எட்டும். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' கூட அங்கேதான் இருந்தது. அது தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். அவர்களிடையே நேரில் சென்று பார்த்து எழுதியவர் அவர். 1973இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். இதே நாவலை ஓர் ஆண் எழுதியிருந்தால் உழைப்பாளர் இலக்கியம் என்று கண்மட்டத்தில் வைத்திருப்பார்கள். வை.மு. கோதைநாயகியோ கீழ்த்தட்டிலும் இல்லை. 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தியவர், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்ததை இலக்கியக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. சொல்ல ஆள் இல்லாத புத்தகம் விற்காது; விற்காத புத்தகம் மறுபதிப்பு காணாது. டீக்கடைப் பேச்சு அச்சகம் வரைக்கும் போகிறது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமானதல்ல. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1970இல் பெண்கள் சிலர் ஒரு வீட்டுத் திண்ணையில் தங்களுக்கென்று புத்தகக்கடை தொடங்கினார்கள். பெயர் அமேசான். பின்னால் அதே பெயரில் வந்த இணைய நிறுவனத்தின்மீது 1999இல் வழக்குப் போட்டது அந்தச் சின்னக் கடை, சமரசத்தில் முடிந்தது. லண்டனில் 1984இல் தொடங்கிய சில்வர் மூன் பெண்கள் புத்தகக்கடை, வாடகை ஏற்றத்தைத் தாங்க முடியாமல் 2001இல் சேரிங் கிராஸ் சாலையைவிட்டுப் போனது. தனிக்கடை போடுவது ஒரு வழி. எங்கள் ஊரில் இருக்கும் ஒரு கடைக்கே வாடகை கட்டுவது பெரும்பாடு. இருக்கிற கடையைத்தான் நாங்கள் நம்முடையதாக்க வேண்டும்.

அண்ணாச்சியிடம் போய்ப் பேசினோம். முதலில் வருத்தப்பட்டார். "நான் வித்தியாசம் பார்க்கிறவனா?" என்றார். பார்க்கிறவர் இல்லை, பழகிப்போனவர். பிறகு மேசையில் ஒரு நோட்டுப் போட்டார். வாசித்த புத்தகத்தை யாருக்குச் சொல்வீர்கள், ஏன் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'பெண்ணியம்' அட்டையைக் கிழிக்க வேண்டாம் என்றேன். கோட்பாட்டு நூல்களுக்கு அந்த இடம் தேவை. நாவல்களை மட்டும் நாவல்களோடு சேர்த்தோம்.

கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றிப் பார்த்தோம். ஒன்பது பெண்கள் வந்தார்கள்; பன்னிரண்டு மணிக்கு ஐந்து பேர் எழுந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை யார் வைப்பது? இப்போது சனிக்கிழமை மூன்று மணிக்கு நடக்கிறது. சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள் வர முடிவதில்லை. எல்லோருக்கும் தோதான நேரம் இன்னும் கிடைக்கவில்லை.

தையல்கடைப் பெண் ஒருநாள் திரும்ப வந்தார். அவருடைய அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. 'கரிப்பு மணிக'ளை எடுத்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்து, "இதுல பேசுத மாதிரி எங்கம்மா பேச மாட்டா" என்றார். எந்தெந்த இடத்தில் என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் முனைவர் பட்டம் வாங்கியவள். அந்த நாவலைப் பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அந்த இடங்கள் என் கண்ணில் பட்டதே இல்லை.

நோட்டில் எழுதச் சொன்னேன். "யாருக்குன்னு எழுத?" என்று கேட்டார். அதே கேள்விதான், ஆனால் இப்போது கேட்பவர் பரிந்துரைப்பவர். சற்று யோசித்துவிட்டு, "உப்பளத்துக்குப் போகாதவங்களுக்கு" என்று எழுதினார்.

டீ இப்போது பிளாஸ்க்கில் கடைக்கே வருகிறது. பேச்சும் உள்ளேயே நடக்கிறது. கூட்டம் முடிந்ததும் டம்ளர்களைக் கழுவப் பெண்கள்தான் எழுந்தார்கள். இந்த மாதம் அதைப் பற்றிப் பேச வேண்டும்.