வாடிக்கையும் வேடிக்கையும்

காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு நேர் எதிரே, பாலத்தின் தலைமாட்டில் இருக்கும் முசிறியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பவை பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தாம். ஒன்று, அவ்வூரின் பெயரையே தம் பெயராகக் கொண்டு விளங்கிய சங்கீத வித்வான் சுப்பிரமணிய ஐயர்; மற்றொன்று, ஆற்றுப் படுகையில் விளையும் கோரையைப் பச்சையாக இருக்கும்போதே கீறி, வெயிலில் உலர்த்தி, சாயமேற்றி, தறியில் நெய்தெடுக்கும் பாய். வித்வானின் பெயரோடு ஊரின் பெயரும் சபை சபையாகச் சென்றது. பாயோடு மட்டும் அது செல்லவில்லை. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைப் பாய்க்கு அதன் ஊர்ப் பெயரே விலாசம். புவிசார் குறியீடும் பெற்று, அந்தப் பெயரை இன்னொருவர் எடுத்தாள முடியாதபடி சட்டத்தின் காவலும் அதற்கு இருக்கிறது. முசிறிப் பாயோ லாரியில் ஏறும்போதே தன் ஊரை இறக்கி வைத்துவிடுகிறது. வாங்கியவரைக் கேட்டால் ‘கோரைப்பாய்’ என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

இந்தக் குறையைத் தாமே தீர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையுடன், சமீப வருஷங்களில் சிறு வியாபாரிகள் பலர் கைப்பேசியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலையைச் சரித்தது. 2018 ஜனவரியில் வியாபாரிகளுக்கென்றே தனி வாட்ஸ்அப் செயலி வந்தது. அடுத்த வருஷக் கடைசியில் சரக்குகளைப் படத்துடன் அடுக்கிக் காட்டும் கேட்டலாக் வசதியும் அதில் சேர்ந்தது. பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அதற்கு முன்பே இருந்தன. பாய்க்காரர், முறுக்குக்காரர், வாழைத்தார் மண்டிக்காரர், தையல் கடைக்காரர் என்று எவரும் இன்று தமக்கொரு பக்கம் இல்லாமல் இருப்பதில்லை. அப்படியிருக்க, இந்த வழக்கத்தினால் அவர்கள் அடைந்த பிரயோஜனம் என்ன, இழந்தது என்ன என்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியமாகிறது. ஏனெனில், இதைப் போற்றுகிறவர்கள் வியாபாரிகளைச் சாமர்த்தியசாலிகளாக மாற்றித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். தூற்றுகிறவர்களோ கைப்பேசியைத் தொட்டுப் பார்க்காமலே தூற்றுகிறார்கள்.

முதலில் இதன் பெருமையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் முசிறியில் தறி வைத்திருந்தவர் தம் சரக்கைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல வேண்டுமென்றால் நோட்டீஸ் அச்சடிக்க வேண்டும், சுவரில் எழுத வேண்டும், அல்லது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவுக்கு நாள் வாடகை கொடுக்க வேண்டும்; அப்போதும் அந்தச் சத்தம் தொட்டியத்தையோ துறையூரையோ தாண்டியிராது. பத்திரிகை விளம்பரம் அவருடைய கனவிலும் வந்திருக்காது. இன்று காலையில் தறியிலிருந்து இறங்கிய பாயின் படத்தை, மத்தியானத்துக்குள் கோயம்புத்தூரில் கல்யாணச் சீர் அடுக்கிக்கொண்டிருக்கும் ஒரு தாயார் பார்க்கிறார். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இதைவிட மேலான நன்மை ஒன்று உண்டு. விளம்பரம் பேசுவதைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறோம். விளம்பரம் காது கொடுத்துக் கேட்பது இந்தக் காலத்துப் புதுமை. ‘மூன்றடிக்கு ஆறடி வருமா, நான்கடிக்கு வருமா? ஓரத்தில் துணி வைத்துத் தைத்ததா? பாவு நூலா, நைலானா?’ என்றெல்லாம் ஒரு சுவரொட்டியிடம் யார் கேட்க முடியும்?

பிளாஸ்டிக் பாயின் போட்டியில் நசுங்கிப்போன கோரைக்கு இந்தக் கேள்வியும் பதிலும் பிரத்தியேகமாகவே உதவக்கூடியவை. இரண்டு பாய்களையும் சுருட்டி நிறுத்தினால், பளபளப்பில் பிளாஸ்டிக்தான் ஜெயிக்கும். விலையிலும், தண்ணீர் பட்டால் துடைத்துவிடும் சௌகரியத்திலும் அதுவே ஜெயிக்கும். கோரை ஜெயிக்கும் இடம் வேறு: கோடைக்கால ராத்திரியில் உடம்பில் ஒட்டாத குளுமை, புதுப் பாயின் புல் வாசனை, கிழிந்து எறிந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும் குணம். இவற்றைக் கடையில் நின்று விவரிக்க வியாபாரிக்கு நேரமிருப்பதில்லை. கோரைத் தண்டைப் பிளக்கும் கையை அரை நிமிஷம் படம்பிடித்துக் காட்டினால், அது எந்த வாய்ப்பேச்சும் தராத ருசுவைத் தந்துவிடுகிறது.

இவ்வளவு நல்ல சாதனம் கையிலிருந்தும் அது எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதற்கு என் அநுபவத்தையே சொல்கிறேன். தங்கை மகளின் கல்யாணத்துக்காக ஒரு நல்ல பாய் தேடிக்கொண்டிருந்தபோது, கைப்பேசியில் ஒரு ரீல்ஸ் வந்து நின்றது. சினிமாப் பாட்டு ஒன்று பின்னணியில் முழங்க, பச்சையும் சிவப்புமாகப் பாய்கள் தாமே சுருண்டு தாமே விரிந்தன. ஆயிரக்கணக்கானோர் லைக் போட்டிருந்தார்கள். அளவு இல்லை, விலை இல்லை, கடை எந்த வீதி என்பதும் இல்லை. கீழே ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று மட்டும் இருந்தது. போனேன். நான்காம் நாள் ‘அண்ணா, கால் பண்ணுங்க’ என்று பதில் வந்தது. அதற்குள் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் போயிருந்த என் தங்கை, கையால் தடவிப் பார்த்து ஒரு பாயை வாங்கி வந்துவிட்டாள். அந்தக் கடைக்காரரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் செய்ததைத்தான் பத்தில் எட்டுப் பேர் செய்கிறார்கள்.

விலையை ஏன் மறைக்கிறார்கள்? அதற்கு நியாயமே இல்லையென்று நான் சொல்லத் துணியமாட்டேன். மொத்த வியாபாரிக்கு ஒரு விலை, சில்லறைக்கு ஒரு விலை என்றிருக்கும் தொழிலில், இரண்டையும் வெளிச்சத்தில் வைத்தால் மொத்த வியாபாரி முகம் கோணுவார். பக்கத்துக் கடைக்காரர் பத்து ரூபாய் குறைத்துப் போடுவார். இந்த அச்சம் வாஸ்தவமானது. ஆனால் இப்பொழுது அதனோடு வேறொரு போதனையும் சேர்ந்துகொண்டிருக்கிறது: விலையைச் சொல்லாவிட்டால் பத்துப் பேர் ‘விலை என்ன?’ என்று எழுதுவார்கள், எழுத எழுதப் பதிவு மேலும் பலர் கண்ணுக்குப் போகும் என்பது இந்த வித்தையைக் கற்றுக்கொடுப்பவர்களின் சித்தாந்தம். போகத்தான் போகிறது. ஆனால் மறுமொழி சொல்ல ஆளில்லாத கடையில் கேள்வி பெருகுவதால் என்ன லாபம்? பதில் வராத பத்துப் பேரும் அந்தக் கடையை மறந்துவிடுவதில்லை. பதில் வராத கடை என்று நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். அன்று வீதியில் நகரும் ஜனங்களில் பெரும்பாலோர் கடையைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள். அவர்களுடைய பார்வையை எண்ணிக்கொண்டு எந்தக் கடைக்காரனும் இரவில் கல்லாவை மூடுவதில்லை. சித்திரை வீதியில் வருஷம் முழுதும் பூக்கட்டி விற்கிறவளுக்கோ, எந்த வீட்டுக்கு வெள்ளிக்கிழமை எத்தனை முழம் என்பது மனப்பாடம். முன்னது வேடிக்கை, பின்னது வாடிக்கை. சமூக ஊடகங்கள் வேடிக்கையைக் கொண்டுவந்து தருவதில் நிகரற்றவை. அதையே எண்ணி எண்ணி, இத்தனை லைக், இத்தனை ஃபாலோயர்ஸ் என்று வியாபாரியின் கண்முன் காட்டிக்கொண்டும் இருக்கின்றன. வாடிக்கையை எண்ணிக் காட்டும் முள் அந்தத் தராசில் இல்லை. சிறு வியாபாரி செய்யும் பிழைகளெல்லாம் இந்த ஒரு மயக்கத்திலிருந்து பிறந்தவை என்பதே என் அபிப்பிராயம்.

இங்கே சிலர் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனலை உதாரணம் காட்டுவார்கள். தாத்தாவும் பேரன்மாரும் திறந்தவெளியில் சமைத்துக் காட்டி, 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது மெய்யாகவே ஓர் அதிசயம். ஆனால் அவர்களுக்குப் பார்வையே வருமானம். பார்க்கிறவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் கணக்கில் சேரும். பாய்க்காரருக்கு அப்படியல்ல. பிரேசிலிலிருந்து லட்சம் பேர் பார்த்தாலும் அவருக்கு ஒரு பாய்கூடக் குறையப் போவதில்லை. இரண்டு தொழில்களும் ஒரே மேடையில் ஏறியிருப்பதால், ஒன்றின் இலக்கணத்தை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்க்கும் மயக்கம் உண்டாகிறது.

பணம் கொடுத்து யாரையாவது அழைத்துவந்து புகழச் செய்யும் ஏற்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அது விளம்பரம் என்று வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டுமென 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது என்பதே, அதுவரை நடந்துவந்ததற்குப் போதுமான சாட்சி.

மேடை யாருடையது என்ற கேள்வி இதனினும் கனமானது. சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் நாளைக்கே கடை போடும் இடத்தை மாற்றலாம், சுங்கத்தை உயர்த்தலாம். வருஷக்கணக்கில் அதே மரத்தடியில் கூடை வைத்தவளும் எழுந்துதான் போக வேண்டும். 2018 ஜனவரியில் பேஸ்புக், வியாபார நிறுவனங்களின் பதிவுகளைக் காட்டிலும் நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முதலிடம் என்று அறிவித்தது. அதன்பின் தம் பக்கத்தை விரும்பிச் சேர்ந்தவர்களுக்கே தம் பதிவைக் கொண்டுசேர்க்க, ‘பூஸ்ட்’ என்ற பெயரில் காசு கட்டும் நிலை பலருக்கு வந்தது. 2020 ஜூன் 29-இல் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது, அதில் பல மாதம் பாடுபட்டுக் கூட்டம் சேர்த்திருந்த சிற்றூர்க்காரர்களின் கூட்டம் ஒரே ராத்திரியில் கலைந்தது. ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் பழைய கூட்டத்தை யாரும் கொண்டுவந்து தரவில்லை. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் ஒருசேர ஸ்தம்பித்தன. மூன்றும் ஒரே முதலாளியின் சொத்து என்பதை நம்மில் பலர் அன்றைக்குத்தான் கவனித்தோம்.

ஆகையால் இந்த மேடைகளைத் துறந்துவிட வேண்டுமா? அப்படிச் சொல்வது, குத்தகைக்காரர் பொல்லாதவர் என்பதற்காகச் சந்தைக்கே போகாதே என்பது போலாகும். சந்தையில் கண்டவரைத் தன் வீட்டுத் திண்ணைக்கு அழைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அதற்கு வழி, அலட்சியமாக விடப்பட்டிருக்கும் ஒரு சிறு கருவியில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ என்று ஒன்று உண்டு; ஒரே செய்தியை அதிகபட்சம் 256 பேருக்குத் தனித்தனியே அனுப்ப உதவும் பட்டியல் அது. அதில் ஒரு நிபந்தனை: நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பெயருடன் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். இதை ஒரு குறையென்று நொந்துகொள்கிறவர்களே அதிகம். எனக்கோ, இந்த விஞ்ஞானம் முழுவதிலும் வாடிக்கையை உள்ளபடி அளக்கும் உரைகல் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. பத்தாயிரம் பேர் லைக் போட்டிருக்கலாம்; அவர்களில் ‘முசிறி பாய்க்கடை’ என்று நம் எண்ணைச் சேமித்து வைத்தவர் எத்தனை பேர்? அறுபது பேர் என்றால், கடையின் உண்மையான ஆஸ்தி அந்த அறுபதுதான். அந்த அறுபதை அடுத்த கோடைக்குள் நூற்றிருபதாக்குவதற்கு யோசிக்கிறவர் வியாபாரம் செய்கிறார். மற்றவர் நாடகம் போடுகிறார்.

எண்ணைச் சேமிக்க மனம் வர வேண்டுமானால், கடைக்காரர் சொல்வதில் உபயோகம் இருக்க வேண்டும். கோரைப்பாயை மடிக்காதீர்கள், சுருட்டி வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும், வெயில் வந்ததும் காட்டி எடுங்கள் என்று சரக்கின் பலவீனத்தை விற்கிறவரே சொன்னால், அதைவிட நம்பத்தக்க விளம்பரம் இல்லை. சில்லறை விலையையாவது பட்டவர்த்தனமாகப் போட வேண்டும். சுருட்டினாலும் ஆளுயரம் இருக்கும் பொருளைப் பார்சலில் அனுப்ப என்ன கூலி, எத்தனை நாள் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவர ராவ் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்து ஜனங்களுக்குப் பழக்கினார் என்பார்கள். தைலத்தைத் தடவிப் பார்த்தவர் அதைப் பற்றிப் படித்தவரைவிட மேல் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளங்கை அகலப் பாய்த்துண்டு ஒன்றைத் தபாலில் பத்துக் கல்யாண மண்டபங்களுக்கு அனுப்பிப் பார்க்கட்டும். தொடுகையை எந்தக் கைப்பேசியும் இன்னும் கடத்தவில்லை.

ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் ‘முசிறி’ என்று தேடினால், மிளகுக்குப் பொன் கொடுத்துச் சென்ற யவனர்களின் மரக்கலங்கள் வந்து நின்ற சேரநாட்டுத் துறைமுகம்தான் பெரும்பாலும் முன்னே வந்து நிற்கிறது. ஈராயிரம் வருஷத்துக்கு முற்பட்ட அந்தப் பட்டினத்தோடு நம் பாய்க்காரர் போட்டி போடுவது வீண். ‘முசிறி, திருச்சி மாவட்டம்’ என்று ஒவ்வொரு பதிவிலும் முழுதாக எழுதி, ‘கோரைப்பாய்’ என்று தமிழிலேயே சேர்த்து, கூகுள் வரைபடத்தில் கடையின் இடத்தையும் திறக்கும் நேரத்தையும் சரியாகக் குறித்துவிட்டால், தேடுகிறவர் மலை கடந்து, அந்தத் துறைமுகம் இருந்த கொடுங்கல்லூர்ப் பக்கம் போய்விடாமல் காவிரிக் கரைக்கே வந்து சேருவார். காசில்லாமல் ஒரே மத்தியானத்தில் முடியக்கூடிய இந்தக் காரியத்தைச் செய்யாமல், ரீல்ஸுக்குப் பாட்டுத் தேடுவதில் ராத்திரிகளைக் கழிக்கிறவர்களை நான் அறிவேன்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முசிறிப் பக்கம் போய் ஒரு பாய் வாங்கினால், பணம் கொடுத்ததோடு திரும்பிவிடாமல், கடைக்காரரின் எண்ணை ஊர்ப் பெயருடன் உங்கள் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு வாருங்கள். சேமிக்காவிட்டால் அவர் அனுப்புவது உங்களுக்கு வராது.