சும்மா நிற்கும் குடிகளுக்கு ஒரு பொத்தான்
– ஒரு போர் விளையாட்டு குறித்த முதற்குறிப்புகள்

கணினி விளையாட்டுக்குப் போய் விமர்சனமா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எம்.ஏ. தமிழ் வகுப்பில் 'இலக்கியம்' என்று எனக்கு வரையறுத்துத் தரப்பட்ட வேலிக்குள் இது வராதுதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் வாடகை அறைகளில் ஷிப்ட் முடித்து வந்து விழுகிற பையன்கள் நாவலைத் தொடுவதில்லை, இதைத் தொடுகிறார்கள். அவர்கள் வாசிக்கிற பிரதியை நாம் வாசிக்காமல் இருந்துகொண்டு யாருக்காக எழுதிக்கொண்டிருக்கிறோம்?

நான் சொல்வது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. 1999இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, 2019இல் புதுப்பிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்றொரு இணைப்பு வந்தது. அதுவரை 'இந்தியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தவர்கள் அதில் இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று பிரிக்கப்பட்டார்கள். திராவிடருக்கு உருமி சுழற்றும் வீரன், திரிசடை என்கிற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் கதை எல்லாம் உண்டு. ஆட்கள் தமிழில் பேசுகிறார்கள். முதல்தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை மறைத்துவிட்டு மேலே எழுதுவது யோக்கியமில்லை.

என் அறைத்தோழன் விழுப்புரம் பக்கத்துப் பையன், வயது 24. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தக் கூலி. பெயர் வேண்டாம். இரண்டு பழைய லேப்டாப், அவனுடைய செல்போன் இணையம். நாங்கள் இருவரும் ஒரு அணி, எதிரணி கணினியே. மூன்று வாரமாக ஆடுகிறோம். ஆகவே இவை முதல் மனப்பதிவுகள் மட்டுமே, தீர்ப்புகள் அல்ல.

இந்த ஆட்டத்தில் 'கூட்டு' என்பது என்ன? நானும் ஒரு அரசன், அவனும் ஒரு அரசன். அவனிடம் மரம் தீர்ந்துபோனால் நான் சந்தை கட்டி அதன் வழியாக அனுப்பலாம். அனுப்புவதற்கு ஆட்டம் வைத்திருக்கும் பெயர் கப்பம்! தோழனுக்குக் கொடுப்பதைக் குறிக்க இவர்களிடம் வேறு சொல் இல்லை. அதிலும் தொடக்கத்தில் 30 விழுக்காடு கழிவு போய்விடும். பையன் சிரித்துவிட்டான்: "இன்னாண்ணா, இங்கியும் கான்ட்ராக்டர் கமிஷனா?" இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிற விமர்சனம் நம்முடைய பல கட்டுரைகளில் இல்லை.

அரசர்கள் கூடலாம், குடிகள் கூட முடியாது. பிரதியின் இலக்கணமே இதுதான். ஒரு குடியை உருவாக்க 50 உணவு, 25 நொடி. மொத்த மக்கள்தொகைக்கு வழக்கமான உச்சவரம்பு 200. ஐந்து பேருக்கு ஒரு வீடு கட்டவேண்டும், கட்டாவிட்டால் ஆள் உற்பத்தி நின்றுவிடும். ஆனால் திராவிடர் கட்டுகிற அந்த வீட்டுக்குள் ஒருவரும் போவதில்லை. தூக்கம் இல்லை, சோறு இல்லை. வீடு இங்கே ஒரு கணக்குத் தலைப்பு. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான தங்குமிடம் திறந்தார்கள். தங்குமிடம் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. குடியிருப்பை உற்பத்திக் கொள்ளளவாகக் காண்கிற பார்வை இரண்டிடத்திலும் எப்படி ஒன்றாகிறது என்பதுதான் கேள்வி.

இதைவிட முக்கியமானது திரையில் இருக்கிற ஒரு சின்னப் பொத்தான். எத்தனை குடிகள் வேலையின்றி நிற்கிறார்கள் என்று அது எண்ணிக் காட்டும். அழுத்தினால் கண் நேராக அந்த ஆளிடம் போய் நிற்கும். மேலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாரும் தெரிவார்கள், கீழே நிற்கிறவனுக்கு மேலே யார் என்றே தெரியாது. ஃபூக்கோவைத் தேடி நாம் பாரிஸ் வரை போகவேண்டியதில்லை. பையன் அந்தப் பொத்தானை நிமிஷத்துக்குப் பத்துத்தடவை அழுத்துவான். அவன் லைனில் சூப்பர்வைசர் அவனிடம் செய்வதைத்தான் இங்கே அவன் செய்கிறான். பகலில் அதிகாரத்தின் பொருளாக இருக்கிறவனுக்கு ராத்திரியில் அதிகாரத்தின் தன்னிலை இரவலாகக் கிடைக்கிறது. விளையாட்டின் இன்பம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த இரவல்தான் என்று எனக்குப் படுகிறது.

எதிர்ப்பக்க வாசிப்புக்கும் இடம் இருக்கிறது. இந்தக் குடிகளில் ஆணும் பெண்ணும் உண்டு. ஒரே வேலை, ஒரே வேகம். உழுதவர் மறுகணம் மீன் பிடிக்கலாம், மரம் வெட்டலாம், கோயில் கட்டலாம். சாதி இல்லை! ஆனால் யாருடைய காலத்தில்? ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர் வேறு, கம்மாணசேரி வேறு, பறைச்சேரி வேறு. தீண்டாச்சேரி என்கிற சொல்லும் பதிவாகியிருக்கிறது. அவன் மகன் ராஜேந்திரனின் கரந்தைச் செப்பேடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்களுக்கு நிலம் கொடுத்ததைப் பேசுகிறது. 1856இல் கால்டுவெல் மொழிக்குடும்பத்துக்கு இட்ட பெயர், 1944இல் சேலத்தில் பெரியார் இயக்கத்துக்குச் சூட்டிய பெயர், கடைசியில் பிரம்மதேயம் கொடுத்த மன்னனின் படைக்குப் பெயராகிறது. சேரியை அழித்துவிட்டு அரண்மனையை மட்டும் வைத்துக்கொள்வது சாதி ஒழிப்பு ஆகாது. அது சாதியைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கான வசதி. அதே 2022இல்தான் 'பொன்னியின் செல்வன்' படமும் வந்தது. சோழப் பெருமிதம் எங்கும் ஓடிய ஆண்டு அது.

செத்தவர்கள் என்ன ஆகிறார்கள்? திரையில் பிணம் எலும்பாகி, கொஞ்ச நேரத்தில் எலும்பும் மறைந்து புல் தெரியும். முள்ளிவாய்க்காலுக்குப் (2009) பிறகு தமிழில் போர் என்கிற சொல்லை உச்சரிக்கிற நமக்கு இந்தப் புல் உறுத்தவேண்டும்.

குடிகள் மறுப்பதும் இல்லை. எதிரியின் துறவி மந்திரம் ஓதினால் அவர்கள் நிறம் மாறுவார்கள். அது மதமாற்றம், சொந்த முடிவல்ல. வரலாறு அப்படி இல்லை. 1429இல் விஜயநகர அதிகாரிகளின் வரிக்கொடுமைக்கு எதிராக, ஒன்றுக்கொன்று பகையான வலங்கையும் இடங்கையும் சேர்ந்து நின்றதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நொபொரு கராஷிமா அவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் விஷம் என்று ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். கூட்டு என்றால் இது. இந்தப் பிரதிக்குள் இதற்கு ஒரு விசைகூட ஒதுக்கப்படவில்லை. 'சும்மா நிற்பது' இங்கே வீண், அவ்வளவுதான். நம் மரபில் ஞானத்தின் சொல்லாக இருந்த 'சும்மா' தொழிற்சாலைக்குள் குற்றமாகிறது. வேலைநிறுத்தத்தில் அதுவே ஆயுதமாகிறது. இந்த மூன்று 'சும்மா'க்களுக்கும் இடையிலான தூரத்தை யாராவது எழுதவேண்டும்.

போன வாரம் பையனின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அன்று ராத்திரியும் ஆடினோம். எண்ணிக்கையில் ஒன்று காட்டியது. கடற்கரையில் ஒரு பெண் குடி தனியாக நிற்கிறாள். வழக்கம்போல நான் "அங்க ஒரு ஆள் நிக்குது பார்" என்றேன்.

"தெரியும்ணா. இருக்கட்டும்" என்றான்.

ஆட்டத்தில் தோற்றுப்போனோம். ஒரு ஆள் நின்றதால் இல்லை, எனக்குக் கோட்டை கட்டத் தெரியாததால். ஆனால் நடு ஆட்டத்தில் அவன் அந்த விதியை மீறிய கணத்தை நான் வாசிப்பு என்றே சொல்வேன். மாற்றுப்பிரதி எங்கோ இருக்கிறது என்று நாம் கோட்பாட்டில் தேடிக்கொண்டிருக்கும்போது அது பக்கத்துப் பாயில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த ஆலைகளின் நிழலில் வாழும் தோழர்கள் தங்கள் அறைகளில் என்ன ஆடப்படுகிறது, எப்படி ஆடப்படுகிறது என்று எழுதினால் இந்த விவாதத்தைத் தொடரலாம்.