மூன்று நொடி

கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் பொறுத்திருக்கும் அந்தச் சிறு இடைவெளி எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் எழுதினார்: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன. காரணம் சொல்வது கூடியது. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பதிலுக்குப் பிந்தைய பொறுமை இன்னும் அழகு. உடனே ‘வெரிகுட்’ சொல்லாவிட்டால் பிள்ளை தானே யோசனையைத் தொடரும்.

இந்தப் பொறுமை பழகினால்தான் வரும். தன் பாடத்தையே பதிவுசெய்து கேட்க வேண்டும், கூச்சமாகத்தான் இருக்கும். அதற்கு நேரம் கிடைப்பதுதான் சிக்கல்: உதாரணமாக, புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியிருக்கின்றன. புதுப் பாடத்தை முடிக்கும் அவசரம் அங்கே சாரம் பகுதியில் உள்ள ஆசிரியருக்கும் இருக்கும். அதனால் ஆசிரியர் பயிற்சி முகாமில் ஒரு மதியத்தையாவது காத்திருக்கப் பழகுவதற்கே ஒதுக்கலாம்.