இருக்கை அறிந்து உரைத்த அறம்
(மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நீதி இலக்கியம் குறித்து ஒரு மதிப்பீடு)

தமிழில் நீதி நூல்களுக்குப் பஞ்சமில்லை. திருக்குறள் தொடங்கி ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நன்னெறி என அவை நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வருகின்றன. இவ்வரிசையில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1859இல் வெளியிட்ட நீதிநூலுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே கூற வேண்டும். தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தின் (1879) ஆசிரியர் என்ற அளவிலேயே மாணவர் அவரை அறிவர். அவருடைய நீதி இலக்கியத்தின்மீது இரு குறைகள் கூறுவதுண்டு. கவிச்சுவை போதாது என்பது ஒன்று. கிறித்தவராயிருந்தும் தம் சமயக் கருத்தை அவர் வெளிப்படையாக நிலைநாட்டவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எவ்வளவு பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826ஆம் ஆண்டு கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணி தொடங்கினார், பின்னர் மொழிபெயர்ப்பாளரானார், அதன்பின் முன்சீப்பாக உயர்ந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார். நீதிநூலை வெளியிட்டபோதே அவர் முன்சீப்பு என்பது இங்கே கருதத்தக்கது. அந்நூலில் கைக்கூலியைக் கண்டிக்கும் அதிகாரம் ஒன்று உண்டு. கைக்கூலி நாடிவரும் இருக்கையிலேயே அமர்ந்திருந்த ஒருவர் எழுதிய அதிகாரம் அது. துறவி ஒருவர் பொன்னாசையைக் கடிவது வேறு. பொன் தம் மேசைவரை வரக்கூடிய ஒருவர் அதைக் கடிவது வேறு. முன்னது உபதேசம், பின்னது உபதேசமாதலோடு, தம்மைத் தாமே கட்டிக்கொள்ளும் ஆணையும் ஆகும். நாளைக்கு அவர் வழுவினால், ஊரார் அவர் நூலையே அவர்முன் விரித்துக் காட்டியிருப்பர் அல்லரோ?

இனி, சமயம் பற்றிய குறையை நோக்குவோம். 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் இயேசு பெருமானின் பெயரை முன்னிறுத்தாமல், எச்சமயத்தாரும் பாடத்தக்க வகையில் இறைவனைப் பாடுகிறார். அதனால் அவரைச் சமயப் பற்றுக் குன்றியவர் என எண்ணுதல் தவறு. திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி ஆகிய கத்தோலிக்கப் பக்தி நூல்களை இயற்றியவரும் அவரே. தம் வழிபாட்டுக்கு ஒரு மொழியையும், ஊர்ப் பொதுவுக்கு வேறொரு மொழியையும் அவர் தெரிந்தே கையாண்டார் எனலாம். அக்கீர்த்தனைகளில் குடும்பத்துக்கும் உத்தியோகத்துக்கும் தனித்தனியே பகுதிகள் வகுத்திருப்பது இக்கருத்துக்கு அரண் செய்கிறது. கோயிலில் கைகூப்பி நிற்கும் மனிதனோடு அவர் நின்றுவிடவில்லை. கச்சேரியில் கோப்பைப் புரட்டும் மனிதனையும் இறைவன் திருமுன் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

இதுவே கிறித்தவ உணர்வு என்பது என் துணிபு. லூக்கா நற்செய்தியில் எரிகோ நகரத்துச் சகேயுவின் வரலாறு வருகிறது. வரி தண்டுவோர்க்குத் தலைவனான அவன், இயேசு தன் வீட்டுக்கு வந்தபோது நீண்ட மன்றாட்டு எதுவும் சொல்லவில்லை. தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறினான். மனமாற்றத்தின் அடையாளம் அங்கே கணக்கில் தெரிந்தது. வேதநாயகம் பிள்ளையின் கிறித்தவமும் அத்தகையதே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தில் அவர் செய்த கொடையைக் கண்டு சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை இயற்றினார். வேற்றுச் சமயத்துப் பெரும்புலவர் இருவர் பாடும்படி வாழ்ந்தவரின் சமயம் வெளிப்படவில்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

கவிச்சுவை பற்றிய குறையோ ஓரளவு உண்மையே. நீதிநூலில் உவமைகள் அடுக்கடுக்காக வருகின்றன. ஒன்று சொன்னதையே மற்றொன்றும் சொல்லும்போது படிப்போர் சலிப்படைகின்றனர். ஔவையார் ஆணையிடுகிறார், வேதநாயகரோ வழக்காடுகிறார். வழக்கறிஞரின் வாதம் வலிமையுடையதாயினும், அதில் உயிருள்ள மனிதர் முகம் தெரிவதில்லை. நாவலிலும் கதை ஓடிக்கொண்டிருக்கையில் அறவுரைக்காக நின்றுவிடும் இடங்கள் பல உண்டு.

ஆயினும் அதே நாவலில் அறம் காட்சியாக மாறும் இடங்களைக் கவனித்தல் வேண்டும். செல்வச் சிறுவனாகிய பிரதாபன் பாடம் படியாமல் இருக்கிறான். அவன் குற்றத்துக்காக உடன் பயிலும் கனகசபை அடிபடுகிறான். நகைச்சுவையாகவே இது சொல்லப்படுகிறது. நகைத்து முடித்தபின் நம் நெஞ்சம் சுடுகிறது. செல்வர் பிழைக்கு எளியவர் தண்டனை பெறும் உலகியலை நீதிநூலின் எந்த விருத்தமும் இத்துணைக் கூர்மையாக உணர்த்தவில்லை. ஆசிரியர்களாகிய நாம் தலைகுனிந்து படிக்க வேண்டிய பகுதி அது. நாவலாசிரியர் வேதநாயகர் நீதிநூலாசிரியரை வென்றுவிட்டார் என்பதே என் முடிபு. எனினும், முன்னவர் உண்டாவதற்குப் பின்னவர் தேவைப்பட்டார் என்பதையும் மறத்தலாகாது.

இக்கருத்தை வகுப்பறையில் விளக்க முற்பட்டபோது என்னையே நான் சோதிக்க வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் கடைக்காரர் ஒருவர், வாங்காத பொருளையும் சேர்த்து விலைப்பட்டியல் எழுதித் தரட்டுமா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அது தவறு என்று சொல்லவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வெளியேறினேன். என் கை தூய்மையாக இருந்தது; வாய் கோழையாக இருந்தது. தம் அலுவலகத்தாரும் வழக்காளிகளும் படிக்குமாறு அச்சிலேயே அதைச் சொன்ன முன்சீப்பின் துணிவு எத்தகையது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நம் மாணவர் நன்னெறிப் பாடத்தில் 'நேர்மை' என்று தலைப்பிட்டு அழகிய கட்டுரைகள் எழுதுகின்றனர். அவற்றில் அரிச்சந்திரன் வருகிறான், காந்தியடிகள் வருகிறார், எழுதும் மாணவன் மட்டும் வருவதில்லை. பாகான் டத்தோவின் தென்னந்தோட்டங்களில் பெற்றோருடன் தேங்காய் எண்ணிப் பழகிய பிள்ளைக்கு, எண்ணிக்கையில் செய்யும் வஞ்சனை இன்னதென்று பிறர் விளக்க வேண்டியதில்லை. அவன் அதை எழுதட்டும். கிராணியின் பேரேட்டைப் பற்றி ஒருவன் எழுதட்டும். தேர்வு மண்டபத்தில் அடுத்தவன் தாளை நோக்கிச் சென்ற தன் கண்ணைப் பற்றி இன்னொருவன் எழுதட்டும்.

வேதநாயகம் பிள்ளை 1889இல் மறைந்தார். அவருடைய விருத்தங்களில் பல மறக்கப்படலாம். அதனால் இலக்கியத்துக்குப் பேரிழப்பு நேராது. ஆனால், தான் அமர்ந்திருக்கும் இருக்கையிலிருந்தே அறத்தைத் தொடங்க வேண்டும் என அவர் காட்டிய நெறி மறக்கப்படுமாயின், இழப்பு நம்முடையதே.