தெளிவின்மை என்னும் ஒரு சொல்

ஆங்கிலத் திறனாய்வுக் கருத்துக்களைத் தமிழிற் பெயர்த்தெழுதுவோர் 'வேக்', 'அம்பிகுவஸ்', 'ஒப்ஸ்கியூர்' ஆகிய மூன்றனையும் பெரும்பாலும் 'தெளிவற்றது' என்னும் ஒன்றனுள் அடக்கிவிடுகின்றனர். மூலத்தில் இவை ஒன்றல்ல. முதலாவது, அலைந்து திரிதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது; எல்லை நிலைபெறாமையை உணர்த்துவது. இரண்டாவது இருபாற் செல்லுதலையும், மூன்றாவது இருளையும் அடியாகக் கொண்டவை. 'மாலை வந்தது' என்னும் தொடரில் வந்தது பொழுதா, பூந்தொடையா என்பது இரண்டாம் வகை. பொழுதே எனத் துணிந்த பின்னரும், எந்தக் கணத்தில் மாலை தொடங்கிற்று என வரையறுக்க இயலாமை முதல் வகை. முன்னதைச் சூழல் தீர்த்துவைக்கும். பின்னதை எந்தச் சூழலும் தீர்க்காது.

இவ்வேறுபாடு மறையுமிடத்துக் கேடு விளைவது தீர்ப்பிலேயாம். பொருள் இரண்டாகக் கிளைக்குமாறு கருதியே யாக்கப்பட்ட கவிதையும், தான் சொல்லப்புகுந்தது யாதென ஆசிரியனே அறியாத கவிதையும் ஒரே பழியைப் பெறுகின்றன. வில்லியம் எம்ப்சன் 1930இல் வெளியிட்ட நூலில் 'அம்பிகுவிட்டி'யை ஏழு வகையாகப் பிரித்துக் கவிதையின் ஆற்றலாகக் காட்டினார் எனப் பாடஞ் சொல்லிவிட்டு, அதனையே 'தெளிவின்மை' எனப் பெயர்த்தெழுதினால் மாணவன் யாது கொள்வான்?

தமிழின் சொல்வறுமையே காரணம் என்பார் திருகோணமலைத் துறைமுகச் சூழலை எண்ணிப் பார்த்தல் தகும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மகாவலி வெள்ளம் கொட்டியார்க் குடாவிற் புகும்போது நீர் 'கலங்கல்'. முகில் கவிந்து எதிர்க்கரை மறைந்தால் 'மூட்டம்'. ஒளி குன்றினால் 'மங்கல்'. பகலும் இரவும் கலக்கும் வேளை ஈழத்து வழக்கில் 'மம்மல்'. (மன மயக்கத்தைக் குறிக்கும் 'மம்மர்' என்னும் பழஞ்சொல்லோடு இதன் ஒலியொப்பு நோக்கத்தக்கது.) 1957 வரை பிரித்தானியக் கடற்படை தளங்கொண்டிருந்த துறைமுகம் இது, ஆங்கிலச் சொற்களும் இங்கு நெடுங்காலம் வழங்கின. ஆயின் இன்றைய ஆங்கில வானிலையியல் காணாமையைத் தொலைவால் அளக்கின்றது: கட்புலத் தூரம் 1 கிலோமீற்றருக்குக் குறைந்தால் 'ஃபொக்', அதற்கு மேற்படின் 'மிஸ்ட்'. மேற்காட்டிய தமிழ்ச் சொற்களோ காணாமைக்குக் காரணம் நீரா, முகிலா, ஒளிக்குறைவா என்பதைக் கூறுகின்றன. காரணங் கூறும் சொற்களை உடைய மொழி, திறனாய்வில் மட்டும் காரணங் கூறாத ஒரு சொல்லோடு அமைவது வியப்பே.

'பேர்செப்ஷன்' என்பதன் நிலை வேறு. அதன் அடிப்பொருள் பற்றிக்கொள்ளல். காண்பவனே அங்கு எழுவாய். தமிழில் பொருளே 'புலப்படும்', 'தென்படும்'. காண்பவன் நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கி நிற்பான். மூட்டத்திடையே படகோட்டி 'எனக்கு வழி தெரியவில்லை' என்றால், வழி கண்ணிற் படவில்லையா, அவன் அதனை அறியானா என்பது அச்சொல்லால் விளங்காது. இலங்கைக் கல்வி உளவியல் நூல்கள் வழங்கும் 'புலக்காட்சி' நல்லாக்கமே. 'காட்சி' கண்ணுக்கே உரியதெனக் கொள்வார் உளராயினும், தமிழ் அளவை நூல்களில் அது ஐம்பொறி அறிவையும் தழுவியது.

திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய சுவாமி விபுலாநந்தர் 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அறிவியற் சொற்களுக்கு அன்று காட்டப்பட்ட கண்டிப்பு திறனாய்வுச் சொற்களுக்குக் காட்டப்படவில்லை.

மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை அளவையின் வழுக்கள் எட்டினைத் தொகுத்துரைக்கின்றது. தறியோ ஆளோ எனத் தடுமாறல் 'ஐயம்'. இப்பியை வெள்ளியெனக் கொள்ளல் 'திரியக்கோடல்'. 'கண்டுணராமை' என்பதோ, ஆங்கிலம் 'சீ', 'பேர்சீவ்' எனப் பிரித்துக் காட்டும் இடைவெளியையே சுட்டுகின்றது. 'தேராது தெளிதல்' இவற்றினும் நுட்பமானது; ஆராயாது பெற்ற தெளிவை ஐயத்தோடு ஒருங்கு வைத்து வழுவென எண்ணுவது. இருபொருட் கவிதையை ஒருமுறை படித்தே தெளிவற்றதெனத் தள்ளும் திறனாய்வாளர்க்கு இவ்வழு பெரிதும் பொருந்தும். நன்னூலும் 'மயங்க வைத்த'லைக் குற்றத்துள்ளும், 'இரட்டுற மொழித'லை உத்தியுள்ளும் வைத்தது.

ஆகவே 'அம்பிகுவிட்டி'க்கு 'இரட்டுறல்' பொருந்தும். இரண்டின் மேற்பட்ட பொருள்களுக்கும் அதனை விரித்துக்கொள்ளலாம். 'ஒப்ஸ்கியூரிட்டி'க்கு 'இருண்மை' ஏற்கெனவே வழக்கில் உளது. இடர்ப்பாடு 'வேக்' என்பதிலேதான். 'வரையறையின்மை' எல்லையற்ற பரப்பையும் குறித்துவிடும். 'மம்மல்' பொருளாற் பொருந்தினும், அந்திப் பொழுதைவிட்டு இன்னும் வெளிவரவில்லை.