நெட் போனாலும் கல்லா ஓட வேண்டும்: இரட்டை சிம் கார்டு மெஷின் எப்படி?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நெட் போனால் ஹோட்டல்காரருக்கு இரட்டைத் தலைவலி. சாப்பிட்டு முடித்தவர் கார்டோடு கல்லா முன் நிற்பார். உள்ளே இடம் கிடைக்காமல் இன்னொரு குடும்பம் வாசலில் நிற்கும். இதைச் சமாளிக்கவென்று விற்கப்படும் ஆண்ட்ராய்டு கார்டு மெஷின் ஒன்றை, மதுரையில் நண்பர் நடத்தும் ஹோட்டலில் வைத்துச் சோதித்தேன். வைஃபையோடு இரண்டு சிம்மும் போடலாம்.

முதலில் ரூட்டரை அணைத்தேன். மெஷின் சற்றுத் திணறிவிட்டுத் தானாகவே சிம்முக்கு மாறியது. சிலிப் வரக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ஆனால் முதல் சிம்மில் சிக்னல் போனால் இரண்டாவதுக்கு நாமேதான் செட்டிங்கில் போய் மாற்ற வேண்டும். கூட்ட நேரத்தில் சப்ளையருக்கு அதற்கு ஏது அவகாசம்? இது பெரிய குறை.

எல்லா இணைப்பையும் துண்டித்ததும் மெஷின் கையை விரித்துவிட்டது. இதில் அதன் தவறு ஏதுமில்லை. 5,000 ரூபாய் வரை பின் போடாமல் கார்டைத் தட்டலாம் என்றாலும், வங்கி ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும். அமெரிக்காவில் ஸ்கொயர் போன்ற நிறுவனங்களின் கருவிகள் கார்டு விவரத்தைச் சேமித்துவைத்து, நெட் வந்ததும் அனுப்புகின்றன. அப்போது வங்கி மறுத்துவிட்டால் நஷ்டம் கடைக்காரர் தலையில். இங்கே நெட் இல்லாப் பரிவர்த்தனைக்கு 2022 ஜனவரியில் விதி வகுத்த ரிசர்வ் வங்கி, ஒரு தடவைக்கு 200 ரூபாய் என்றிருந்த வரம்பை 2023 ஆகஸ்டில் 500 ஆக்கியது. காபி, டிபனுக்குச் சரி. குடும்பத்தோடு சாப்பிட்ட பில்லுக்குப் போதாது.

நான் அதிகம் பயந்தது பணம் போய்க்கொண்டிருக்கும்போதே நெட் அறுவதற்குத்தான். என் கார்டையே செருகி, பின் போட்ட கையோடு இணைப்பைத் துண்டித்தேன். போனுக்குப் பணம் எடுத்த எஸ்.எம்.எஸ். வந்தது, சிலிப் வரவில்லை. சிக்னல் திரும்பியதும், அடுத்த பில்லைத் தொடும் முன்பே, பழைய பரிவர்த்தனையை ரத்து செய்யும்படி மெஷின் தானாகவே வங்கிக்குச் சொல்லிவிட்டது. பணமும் திரும்பியது. இந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்படிப் போகும் பணம் 5 நாளுக்குள் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்கிறது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. கல்லாவில் இருப்பவருக்கு இது தெரிந்திருந்தால் பாதிச் சண்டை குறையும். கடைசிப் பரிவர்த்தனை என்ன ஆனது என்று மெஷினிலேயே பார்க்கலாம். பார்க்காமல் இன்னொரு தடவை கார்டைப் போடவே கூடாது.

வாங்கலாமா? தாராளமாக. ஆனால் இரண்டு சிம்மும் வெவ்வேறு கம்பெனியாக இருக்கட்டும். பிராட்பேண்ட் தரும் கம்பெனியின் சிம்மையே முதலில் போட வேண்டாம். ஒரு கேபிள் அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் கரண்டும் மொபைல் சிக்னலும் ஒன்றாகப் போயின. அப்படிப்பட்ட நாளில் எந்த மெஷினும் உதவாது. அன்றைக்கு ரொக்கம் மட்டும்தான் என்பதை இலை போடும் முன்பே சொல்லிவிடுவதுதான் வாடிக்கையாளருக்கு நாம் செய்யும் மரியாதை.